இறுக்குவதா, தளர்த்துவதா? ஆண்களுக்கான இடுப்புத்தள பிசியோதெரபி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு 36 வயதில் அந்த வலி வந்தது. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து அதன் மேல் உட்கார்ந்திருப்பது போல ஒரு அழுத்தம், அப்புறம் ஆண்குறி நுனியில் எரிச்சல், அரை மணிக்கு ஒரு முறை பாத்ரூம். அம்மா சூட்டுவலி என்று சொல்லித் தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார், இளநீர் வாங்கிக் கொடுத்தார். டாக்டர்கள் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு வருடம் இப்படியே போனது. அதற்கு அடுத்த வருடம் அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் ஆபரேஷன் நடந்து, சிறுநீர் கசிய ஆரம்பித்தது. கடைசியில் இரண்டு பேரும் ஒரே பிசியோதெரபிஸ்டிடம் போய் நின்றோம். அவர் என்னைத் தளர்த்தச் சொன்னார், அப்பாவை இறுக்கச் சொன்னார். ஒரே வீடு, ஒரே தசை, நேர் எதிரான சிகிச்சை.

அதிலிருந்து நண்பர்கள், சொந்தக்காரர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று நிறைய பேர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. அனுபவப்பட்டவன், படித்துப் பார்த்தவன், அவ்வளவுதான்.

இடுப்புத்தளத் தசை பெண்களுக்குத்தானே? ஆண்களுக்கு எங்கே இருக்கிறது?

எல்லோருக்கும் இருக்கிறது. முன்னால் இருக்கும் இடுப்பு எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரைக்கும், ஒரு தொட்டில் துணியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி விரிந்திருக்கும் தசைகள் இவை. சிறுநீர்ப்பை, புராஸ்டேட், மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குகின்றன. சிறுநீரையும் மலத்தையும் அடக்குவது, நேரம் வந்தால் விடுவது, விறைப்பைத் தக்கவைப்பது, விந்தை வெளித்தள்ளுவது என எல்லாவற்றிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. பெண்களுக்கு மட்டும் என்ற எண்ணம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் 1948இல் பிரசவமான பெண்களுக்காகத்தான் இந்தத் தசைகளை இறுக்கும் பயிற்சியை எழுதி வெளியிட்டார். கெகல் பயிற்சி என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது.

எந்தெந்தத் தொந்தரவுகளுக்கு இந்த சிகிச்சை?

புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் கசிவு, என்னுடையது போன்ற நாள்பட்ட அடி இடுப்பு வலி, விந்து வெளியேறும்போதோ அதன் பிறகோ வலி, சிறுநீர் கழித்து முடித்த பின் சொட்டுவது, திடீரென்று அடக்க முடியாமல் வருவது, முக்கி முக்கியும் மலம் இறங்காமல் இருப்பது, விறைப்புக் குறைவில் சில வகைகள், விந்து முந்துதல். இத்தனைக்கும் ஒரே பயிற்சியைச் சொல்லிக் கொடுப்பவரிடம் போகாதீர்கள்.

எனக்குப் புராஸ்டேட் இன்ஃபெக்‌ஷன் என்று சொல்லி ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். அதற்கும் தசைக்கும் என்ன சம்பந்தம்?

எனக்கும் அதுதான் நடந்தது. நான்கு முறை ஆன்டிபயாடிக், ஒவ்வொன்றும் வாரக்கணக்கில், ஆனால் சிறுநீர் கல்ச்சரில் ஒரு முறைகூடக் கிருமி வளரவில்லை. முதல் முறை கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை, டாக்டர்கள் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். நான்காவது முறையை நினைத்தால் மட்டும் இன்னும் வலிக்கிறது.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 1990களில் புராஸ்டேட் அழற்சியை நான்கு வகையாகப் பிரித்தது. முதல் இரண்டும் கிருமியால் வருபவை. மூன்றாவது, கிருமி எதுவும் தெரியாத நாள்பட்ட வலி. நான்காவதில் தொந்தரவே இருக்காது, வேறு எதற்கோ பார்க்கும்போது தெரியவரும். வலியோடு வரும் ஆண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த மூன்றாவது வகைதான். அவர்களில் நிறைய பேருக்கு இடுப்புத்தளத் தசைகள் எப்போதும் இறுகியே இருக்கின்றன, அழுத்தினால் சுள்ளென்று வலிக்கும் முடிச்சுகள் இருக்கின்றன. அந்த முடிச்சு ஓரிடத்தில் இருக்கும், வலி வேறிடத்தில் தெரியும். எனக்கு உள்ளே ஒரு இடத்தைத் தொட்டதும் இரண்டு வருடமாக நான் அனுபவித்த அதே நுனி எரிச்சல் அப்படியே வந்தது. படுத்திருந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். வலியினால் இல்லை, அது எங்கிருந்து வருகிறது என்று கடைசியில் ஒருவர் கண்டுபிடித்துவிட்டாரே என்பதால்.

இதற்காகக் கையில் இருக்கும் ஆன்டிபயாடிக்கை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கல்ச்சர் எடுத்தார்களா, அதில் என்ன வந்தது என்று கேளுங்கள். கிருமி இல்லை என்று வந்தும் மறுபடி அதே மாத்திரை என்றால், "தசை இறுக்கமாக இருக்குமா டாக்டர்?" என்று வாய் திறந்து கேளுங்கள்.

அப்படியென்றால் இன்றைக்கே கெகல் பயிற்சியை ஆரம்பித்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கெகல் என்பது இறுக்கும் பயிற்சி. ஏற்கனவே இறுகிக் கிடக்கிற தசையை ஒரு நாளைக்கு நூறு தடவை மேலும் இறுக்கினால் என்ன ஆகும்? நான் செய்து பார்த்தேன். வலி வந்த ஆறாவது மாதம் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, "ஆண்கள் எல்லோரும் செய்ய வேண்டிய பயிற்சி" என்று நம்பி, ஆபீஸ் நாற்காலியிலேயே உட்கார்ந்து செய்தேன். மூன்றாவது வாரம் உட்காரவே முடியவில்லை. சிறுநீர் விட்டுவிட்டு நூல் மாதிரி வந்தது.

கையை இறுக்கமாக மூடிக்கொண்டு பத்து நிமிடம் இருந்து பாருங்கள். கை வலிக்கும், சோர்ந்து போகும், அந்த மூடிய கையால் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. இறுகிய தசை அப்படித்தான், வலியும் கொடுக்கும், வேலையும் செய்யாது. அதனால்தான் இறுக்கம் இருப்பவர்களுக்கும் சில சமயம் கசிவு வருகிறது, அவர்களும் பலவீனம் என்று நினைத்து இன்னும் இறுக்குகிறார்கள்.

எனக்கு இறுக்கமா, பலவீனமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சில அடையாளங்கள் உண்டு. உட்கார்ந்தால் வலி, சிறுநீர் ஆரம்பிக்கவே காத்திருக்க வேண்டியிருப்பது, முழுதாகப் போகவில்லை என்ற உணர்வு, டென்ஷனான நாளில் தொந்தரவு கூடுவது, வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்தால் கொஞ்சம் நிம்மதி: இதெல்லாம் இறுக்கத்தின் பக்கம். இருமினால், தும்மினால், குனிந்து கனம் தூக்கினால் கசிவது, வலி எதுவும் இல்லாமல் இருப்பது பலவீனத்தின் பக்கம். ஆனால் இதை வைத்து நீங்களே முடிவு செய்யக் கூடாது. இரண்டும் கலந்தும் இருக்கும். ஒருவர் பரிசோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஆசனவாய் வழியாக விரல் விட்டுப் பார்ப்பார்களாமே?

ஆமாம், பெரும்பாலும். எல்லோரும் பின்வாங்குவது இந்த இடத்தில்தான், அதனால் நடந்ததை அப்படியே சொல்கிறேன். முதல் நாள் அரை மணி நேரம் பேச்சுதான். எத்தனை முறை சிறுநீர், மலம் எப்படி, எப்போது வலி, உடலுறவில் என்ன, வேலை என்ன. அப்புறம் நிற்கிற விதம், முதுகு, இடுப்பு மூட்டு, அடிவயிறு, உள்தொடை எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தார். கடைசியில் ஒரு எலும்புக்கூட்டு மாதிரியைக் காட்டி எதைத் தொடப் போகிறார், எதற்காக என்று விளக்கி, சம்மதம் கேட்டார். பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுத்தேன், மேலே போர்வை. கையுறை, ஜெல், ஒரு விரல். மெதுவாகத் தசையை ஒவ்வோர் இடமாகத் தொட்டு, இறுக்கச் சொல்லி, விடச் சொல்லிப் பார்த்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, பாதியில் நிறுத்தச் சொல்லவும் உண்டு. அப்படிச் சொன்னால் வெளியிலிருந்தே தொட்டுப் பார்க்கலாம், வயிற்றின் மேலோ விதைப்பைக்குக் கீழேயோ அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்தும் தசை அசைவதைத் திரையில் பார்க்கலாம். அப்பாவுக்கு அப்படித்தான் செய்தார்கள், விரல் பரிசோதனையே இல்லை.

பிசியோதெரபிஸ்ட் பெண்ணாக இருந்தால்?

எங்களுக்குப் பெண்தான். நம் ஊரில் இந்தத் துறையில் பயிற்சி எடுத்தவர்களில் பெண்களே அதிகம். கூச்சமாக இருந்தால் அறையில் இன்னொருவர் இருக்கட்டும் என்று கேட்கலாம், மனைவியைக் கூட்டிக்கொண்டு போகலாம். நான் முதல் தடவை மனைவியோடு போனேன். வீட்டில் நான் சொல்லாமல் மறைத்த பாதி விஷயம் அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அதுவே பெரிய பாரம் இறங்கினது மாதிரி இருந்தது.

இறுக்கம் என்று சொல்லிவிட்டார்கள். என்ன செய்வார்கள்?

முதலில் மூச்சு. மூச்சை உள்ளே இழுக்கும்போது நுரையீரலுக்குக் கீழே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் கீழே இறங்குகிறது, அதோடு சேர்ந்து இடுப்புத்தளமும் கொஞ்சம் இறங்கித் தளர்கிறது. மூச்சை விடும்போது இரண்டும் மேலே ஏறுகின்றன. வயிற்றை எப்போதும் உள்ளே எக்கிக்கொண்டு நெஞ்சால் மட்டும் மூச்சு விடுகிறவர்களுக்கு இந்த அசைவே நின்று போயிருக்கும். எனக்கு நின்றுதான் போயிருந்தது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, கையை அடிவயிற்றில் வைத்து, வயிறும் விலாவும் விரியும்படி மூச்சு இழுப்பது, அந்த நேரத்தில் ஆசனவாய் தளர்ந்து மலர்வது போல விட்டுவிடுவது. வெளிமூச்சில் எதையும் இறுக்கக் கூடாது. காலையும் இரவும் பத்துப் பத்து நிமிடம். கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும், எனக்கு அது பிடிபடவே இரண்டு வாரம் ஆனது.

அப்புறம் நீட்சிப் பயிற்சிகள். பாலாசனம், முழுக்கக் குந்தி உட்கார்வது, மல்லாந்து படுத்துப் பாதங்களைப் பிடித்துக்கொள்வது, உள்தொடைக்கும் பிட்டத்துக்கும் தனியாகச் சில. வாரம் ஒரு முறை அவர் உள்ளேயும் வெளியேயும் அந்த முடிச்சுகளை மெதுவாக அழுத்தி விடுவிப்பார். 2009இல் அமெரிக்காவில் 47 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், ஆண்களும் பெண்களும் அதில் இருந்தார்கள். இந்தத் தசைச் சிகிச்சை எடுத்தவர்களில் 57 சதவீதம் பேருக்கும், சாதாரண உடல் மசாஜ் எடுத்தவர்களில் 21 சதவீதம் பேருக்கும் நல்ல முன்னேற்றம். சின்னச் சோதனைதான், எல்லோருக்கும் சரியாகிவிடும் என்று அது சொல்லவில்லை. எனக்கு எட்டாவது வாரம் முதல் வித்தியாசம் தெரிந்தது, முழுதாக ஒரு சினிமா உட்கார்ந்து பார்க்க ஐந்து மாதம் ஆனது.

அப்பாவுக்குப் புராஸ்டேட் ஆபரேஷன். சிறுநீர் கசிகிறது. இது சரியாகுமா?

பெரும்பாலோருக்குக் காலப்போக்கில் நன்றாகவே குறைகிறது. ஏன் கசிகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். சிறுநீரை அடக்க இரண்டு வால்வுகள் மாதிரி அமைப்பு இருக்கிறது. மேலே இருப்பது தானாக வேலை செய்வது. புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியை முழுதாக எடுக்கும்போது அந்த மேல் வால்வின் பெரும்பகுதியும் போய்விடும். மிச்சம் இருப்பது கீழே இருப்பது, நாம் நினைத்தால் இறுக்கக்கூடியது. இத்தனை நாள் துணைக்கு இருந்த அதுதான் இனி முழு வேலையையும் செய்ய வேண்டும். அதற்குத்தான் பயிற்சி.

முடிந்தால் ஆபரேஷனுக்கு முன்பே போய்க் கற்றுக்கொள்ளுங்கள், அப்போது தசையை உணர்வது சுலபம். ஆபரேஷனுக்குப் பின் போடும் சிறுநீர் டியூப் இருக்கும் வரை செய்யக் கூடாது. எடுத்த பிறகு, டாக்டர் சொன்னதும் ஆரம்பிக்கலாம். அப்பாவுக்குச் சொன்னது இதுதான்: முதலில் படுத்துக்கொண்டு மூன்று நான்கு விநாடி பிடித்து, அதே அளவு நேரம் முழுதாக விட்டு, பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. மெல்ல மெல்லப் பத்து விநாடிக்குக் கொண்டுபோய், உட்கார்ந்து, நின்று, நடந்து. இருமல் வரும் முன், நாற்காலியிலிருந்து எழும் முன், ஒரு கணம் முன்னதாகவே இறுக்கிக்கொள்வது. இந்த முன்கூட்டி இறுக்குவதுதான் அப்பாவுக்கு உண்மையில் கைகொடுத்தது.

மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். 2011இல் வெளியான பிரிட்டனின் பெரிய ஆய்வு ஒன்றில், தனியாக உட்கார வைத்துப் பயிற்சி சொல்லிக் கொடுத்தவர்களுக்கும் வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களுக்கும் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. இருந்தாலும் அமெரிக்க யூராலஜி (சிறுநீர்ப் பாதை மருத்துவம்) சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் இந்தப் பயிற்சியைச் செய்யச் சொல்கிறது, காரணம் கசிவு சீக்கிரம் நிற்க அது உதவுகிறது. அந்த "சீக்கிரம்" என்பது எங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அப்பா வேட்டி கட்டுவதை விட்டிருந்தார், டயப்பர் தெரியும் என்று. கோவிலுக்குப் போவதை விட்டிருந்தார். நாலாவது மாதம் ஒரு நாளைக்கு ஒரு பேட் என்று குறைந்து, எட்டாவது மாதம் மறுபடி வேட்டி கட்டினார். தண்ணீர் கேனைத் தூக்கினால் இன்னும் ஒரு சொட்டு வரும், அதனால் கேனை நான் தூக்குகிறேன்.

ஒரு வருடத்துக்குப் பிறகும் நிறையக் கசிந்தால் அதோடு வாழப் பழகத் தேவையில்லை. செயற்கை வால்வு பொருத்துவது உட்பட வழிகள் இருக்கின்றன, யூராலஜிஸ்டிடம் கேளுங்கள்.

சரியான தசையைத்தான் இறுக்குகிறேனா என்று எப்படித் தெரியும்?

நிறைய பேர் பிட்டத்தையும் தொடையையும் வயிற்றையும் இறுக்கிவிட்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு, செய்துவிட்டதாக நினைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் அல்ட்ராசவுண்டில் பார்த்து ஒப்பிட்டிருக்கிறார்கள்: "ஆசனவாயை இறுக்கு" என்றால் பின்பக்கத் தசைதான் அதிகம் வேலை செய்கிறது. "ஆண்குறியை உள்ளே இழுத்துச் சுருக்கு" என்று சொன்னால்தான் சிறுநீர்க் குழாயைச் சுற்றியிருக்கும் தசை நன்றாக அசைகிறது. கண்ணாடி முன் நின்று பார்த்தால் ஆண்குறியின் அடி லேசாக உள்ளே போய், விதைப்பை மேலே எழும்ப வேண்டும். சிறுநீர் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள். எந்தத் தசை என்று தெரிந்துகொள்ள எப்போதாவது ஒரு தடவை நிறுத்திப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

கசிகிறது என்று தண்ணீரைக் குறைக்கலாமா?

கூடாது. சிறுநீர் அடர்த்தியாகிப் பையை உறுத்தும், மலச்சிக்கலும் வரும். டீ, காபியைக் குறைத்துப் பாருங்கள்.

பாத்ரூம் போய்விட்டு வந்த பிறகு பேன்ட்டில் சொட்டுகிறது. இதுவும் வியாதியா?

பெரும்பாலும் இல்லை. விதைப்பைக்குப் பின்னால் குழாய் வளைகிற இடத்தில் கொஞ்சம் தங்கிவிடுகிறது. முடித்ததும் ஒரு தடவை நன்றாக இறுக்குங்கள், அப்புறம் விதைப்பைக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்தியபடி முன்னோக்கி வழித்துவிடுங்கள்.

விறைப்புக்கும் விந்து முந்துதலுக்கும் உதவுமா?

சிலருக்கு. விறைப்பின்போது ஆண்குறியின் அடியை அழுத்தி உள்ளே ரத்தத்தைத் தக்கவைப்பதில் இந்தத் தசைகளுக்குப் பங்கு உண்டு. 2005இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் விறைப்புக் குறைவு இருந்த 55 பேருக்கு இந்தப் பயிற்சி கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 40 சதவீதம் பேர் பழைய நிலைக்கு வந்தார்கள், இன்னும் மூன்றில் ஒரு பங்கினருக்கு முன்னேற்றம், மற்றவர்களுக்குப் பலன் இல்லை. விந்து முந்துதலுக்கு இத்தாலியில் 40 பேருக்கு 12 வாரம் கொடுத்ததில் 33 பேருக்குக் கட்டுப்பாடு வந்தது, ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை.

விறைப்பு குறைந்தால் முதலில் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் பாருங்கள். ரத்தக்குழாய் அடைப்பின் முதல் அறிகுறியாக அது இருக்கலாம். பஸ் ஸ்டாண்டு சுவரில் "நரம்புத் தளர்ச்சி" என்று ஒட்டியிருக்கும் போஸ்டரைப் பார்த்துப் போய்ப் பணத்தையும் மன நிம்மதியையும் இழந்தவர்களை எனக்குத் தெரியும். கோபமாக வருகிறது. இருபது வயதுப் பையன்களின் வெட்கத்தை வைத்துத்தான் அந்தக் கடை நடக்கிறது.

மூலபந்தம், அஸ்வினி முத்திரை செய்கிறேன். தொடரலாமா?

இரண்டும் இதே பகுதியை இறுக்குபவைதான். வலியோ இறுக்கமோ இல்லையென்றால் தொடரலாம். இருந்தால் நிறுத்திவிட்டு, யோகா ஆசிரியரிடமும் பிசியோவிடமும் சொல்லுங்கள். பிராணாயாமத்தில் மூச்சை அடக்குவதையும் அதுவரை தள்ளி வைக்கலாம்.

வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு மாறியதிலிருந்து மலம் சரியாகப் போகவில்லை.

மலக்குடலைச் சுற்றி ஒரு தசை கொக்கி மாதிரி முன்பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறது. குந்தி உட்காரும்போது அது தளர்ந்து பாதை நேராகிறது. முழங்கால் இடம் கொடுத்தால் பழைய இந்தியன் டாய்லெட் நல்லது. இல்லையென்றால் காலுக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி போடுங்கள், முன்னால் சாயுங்கள், மூச்சைப் பிடித்து முக்காதீர்கள். சிலருக்கு முக்கும்போது தளர வேண்டிய தசை தலைகீழாக இறுகும். அதைத் திரையில் காட்டித் திருத்தும் பயோஃபீட்பேக் சிகிச்சை இருக்கிறது, நல்ல பலன் தரும்.

எல்லாம் மனசுதான், டென்ஷனைக் குறை என்கிறார்கள்.

வலி உண்மை, தசை உண்மை. பயத்தில் அந்தத் தசை இறுகுவதும் உண்மை. கவலைப்பட்டால் சிலருக்குக் கழுத்து பிடித்துக்கொள்வது போலத்தான். மனநல ஆலோசகரிடம் போவதோ, டாக்டர் கொடுக்கும் வலி மாத்திரையை எடுப்பதோ இந்தச் சிகிச்சைக்கு விரோதம் இல்லை. நான் இரண்டும் செய்தேன்.

இந்த பிசியோவை எங்கே தேடுவது?

பெரிய ஊர்களில் யூராலஜி பிரிவு உள்ள மருத்துவமனையில் கேளுங்கள். பிசியோதெரபி பட்டமான பி.பி.டி. அல்லது எம்.பி.டி. படித்தவரா, இடுப்புத்தளத்துக்குத் தனிப் பயிற்சி எடுத்தவரா, ஆண்களைப் பார்க்கிறாரா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். "தளர்த்தும் சிகிச்சை செய்வீர்களா?" என்றும் கேளுங்கள். கெகல் மட்டும்தான் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். சின்ன ஊரில் இருப்பவர்கள் முதல் பரிசோதனைக்கு மட்டும் நேரில் போய்விட்டு, மூச்சும் நீட்சியும் வீடியோ காலில் தொடரலாம்.

எப்போது இதையெல்லாம் விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

சிறுநீர் அடியோடு நின்றுவிட்டால். குளிர் காய்ச்சலோடு வலி என்றால். விதையில் திடீரென்று கடுமையான வலி வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போய், கால் பலமிழந்தால் அதுவும் அவசரம். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், ஒரே ஒரு தடவை என்றாலும், யூராலஜிஸ்டைப் பாருங்கள்.

சரியான பிறகு திரும்ப வருமா?

வரலாம். எனக்கு வருடத்தில் இரண்டு மூன்று முறை எட்டிப் பார்க்கிறது, நீண்ட பைக் பயணத்துக்குப் பிறகு, அல்லது வேலை நெருக்கடியில் பத்து மணி நேரம் நாற்காலியை விட்டு எழாத வாரத்தில். முதல் தடவை திரும்ப வந்தபோது எல்லாம் போச்சு என்று பதறி ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, அந்தப் பதற்றமே இன்னும் நான்கு நாள் நீட்டியது. இப்போது வெந்நீர்த் தொட்டி, காலை மாலை மூச்சு, பாலாசனம், அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடப்பது, ஒரு வாரம் பைக் கிடையாது. மூன்று நான்கு நாளில் அடங்கிவிடுகிறது.